‘வரேன்’ என்று சொல்லிவிட்டு வந்த வீடு

கிள்ளான்,
வெள்ளிக்கிழமை காலை.

ஈப்போவில் பேரோடும் புகழோடும் வாழும் மைத்துனர் பக்கிரிசாமி அவர்களுக்கு, கார்த்திகேசு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உங்கள் தங்கை பவுனம்மாளும் பெண் சந்திரகலாவும் உயிரோடு இருக்கிறோம். க்ஷேமமா என்று கேட்டால் அதைக் கடைசியில்தான் சொல்ல முடியும்.

உங்கள் மோட்டாரையும் டிரைவர் விஜயனையும் கொடுத்து அனுப்பிய உபகாரத்தை நான் மறக்கமாட்டேன். ஆனால் கிளம்பும்போது, “போற வழியில பிரிக்பீல்ட்ஸ்ல என் சினேகிதர் தம்புசாமி வீட்டுல ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க. நானும் வரேன் வரேன்னு வருஷக்கணக்கா சொல்லிட்டுப் போகவே இல்ல, எனக்குப் பதிலா தலையக் காட்டுங்க” என்றீர்களே, அதை ஏழு ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன். நேற்றுப் பொழுது சாய்வதற்குள் கிள்ளானில் மாப்பிள்ளை வீட்டில் தாம்பூலம் மாற்றியாக வேண்டும். மாப்பிள்ளையின் தகப்பனார் பழனியப்பனைத்தான் உங்களுக்குத் தெரியுமே, விளக்கு வைத்த பிறகு வந்தால் வாசலோடு திரும்பிவிடுங்கள் என்று முன்னாலேயே சொல்லி அனுப்பிய மனிதர். சந்திரகலாவுக்கு வந்த சம்பந்தமெல்லாம் கூடிவருகிற நேரத்தில் தட்டிப் போயிருக்கிறது. இதுவும் போனால் அந்தப் பெண் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

ரவாங் தாண்டி, உச்சி வெயிலில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தோம். நான் முன்பின் பார்த்திராத தம்புசாமியின் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. நம்மை வரவேற்க இத்தனை பேரா என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது மச்சான். நீங்கள் கொடுத்தனுப்பிய பம்ளிமாஸ் கூடையைத் தூக்கிக்கொண்டு, “என்ன, தம்புசாமி இன்னும் படுத்தா இருக்காரு? ஈப்போவுலேருந்து ஆள் வந்திருக்குன்னு எழுப்புங்க!” என்று உரக்கச் சொன்னேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வராந்தாவில் சாய்வு நாற்காலியில், அந்த வெயிலிலும் கழுத்தில் பச்சை மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்து, “பக்கிரி வரலியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். உள்ளே எட்டிப் பார்த்தால் மாலை, ஊதுவத்தி, தலைமாட்டில் குத்துவிளக்கு. பிணத்தின் முகம் தெரியாதபடி பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுகிறார்கள். தம்புசாமி விடியற்காலையில் போய்விட்டாராம்!

அடக் கடவுளே, நல்ல காரியத்துக்குப் போகிறவன் சாவு வீட்டில் வந்து நிற்கிறேனே! பவுனம்மாள் என் விலாவில் இடித்து இழுக்கிறாள். சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்தான் எழுந்து வர வேண்டும் என்று எனக்கென்ன தெரியாதா? தெரியும். ஆனால் இந்த வாய் இருக்கிறதே, படியிறங்கியதும் கையைக் கூப்பி, “அப்ப நான் போயிட்டு வரேங்க” என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டது. கூட்டம் அப்படியே உறைந்து போயிற்று. நாற்காலிக்காரர் மட்டும், “வாங்க, வாங்க. நான் இங்கதான் இருப்பேன்” என்றார்.

வண்டி கிளம்பியது. கிள்ளான் ரோட்டுக்குத் திரும்பினோம் என்றுதான் நினைத்தேன். நின்ற இடம் அதே வாசல். “என்னடா விஜயா?” என்றால், “வழி சரிதான் அண்ணே, எத்தனை வாட்டி வந்த ரோடு லா” என்கிறான். நாற்காலிக்காரர், “வந்துட்டீங்களா? பக்கிரி?” என்றார். மறுபடி புறப்பட்டோம். வேறு சந்து, வேறு பாலம். மறுபடியும் அதே வாசல், அதே நாற்காலி, அதே கேள்வி. சந்திரகலா அழ ஆரம்பித்துவிட்டாள். வெயில் மஞ்சளாகச் சாய்கிறது. அடுத்த தடவை வந்து நின்றபோது பிணத்தை எடுத்தாகிவிட்டது, கூட்டமும் போய்விட்டது. பக்கத்து வீட்டுச் சீதாலெட்சுமி அம்மாள் மட்டும் தண்ணீர் ஊற்றி வராந்தாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாற்காலி காலியாக இருந்தது.

“இதுல உக்காந்திருந்த பெரியவர் எங்கம்மா?” என்றேன்.

“அது தம்புசாமி அண்ணனோட நாற்காலிங்க. காலையிலேருந்து யாரும் அதுல உக்காரல. அவரோட பச்சை மப்ளரக்கூட அவர் கழுத்துலயே சுத்தி அனுப்பிட்டோம்” என்றாள்.

நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். அப்புறம் எங்கிருந்து தைரியம் வந்ததோ, நாற்காலியைப் பார்த்து, “நான் போறேன்! போறேன்! வரவே மாட்டேன்!” என்று கத்திவிட்டு வண்டியின் பின் சீட்டில் விழுந்து கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறக்கும்போது கிள்ளான் ரோடு. சாவு வீட்டுத் தீட்டு போகவேண்டுமே என்று உங்கள் தங்கை தெருக்குழாயில் பட்டுப்புடவையோடு எங்களை நனைத்தெடுத்தாள். விளக்கு வைப்பதற்குச் சற்று முன் சொட்டச் சொட்டப் போய் நின்றவர்களிடம் பழனியப்பன், “ஏன் இப்படி?” என்றார். “கோலாலம்பூர்ல நல்ல மழைங்க” என்றாள் பவுனம்மாள். மழையோடு வருகிற மருமகள் யோகக்காரி என்று அவர் மகிழ்ந்து போனார். தாம்பூலம் மாற்றியாகிவிட்டது மச்சான்! சந்திரகலா சிரித்த முகத்தைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆகவே க்ஷேமம்தான். அந்தச் சனியனையும் அங்கேயே விட்டுத் தொலைத்தேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். அம்மன் உங்களை வாசலிலேயே நின்று காக்கட்டும்.

இப்படிக்கு,
கார்த்திகேசு

பி.கு.: ஒட்டின உறையைக் கிழித்து எழுதுகிறேன். வண்டியைத் திருப்பி அனுப்ப விஜயனைக் கூப்பிட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, “முன் சீட்டுல நம்மகூட வந்த பெரியவர் இன்னும் இறங்கவே இல்ல அண்ணே. சாப்பிடக் கூப்பிட்டாலும் வரல. ஈப்போவுக்குத்தான் போகணுமாம். பக்கிரி வரலன்னா என்ன, நானே போய்ப் பாத்துக்கறேன்னு சொல்றாரு” என்றான். பவுனம்மாளோ, “நீங்கதான் ஏத்தினீங்கன்னு நெனச்சேன்” என்கிறாள். பயத்தில் தலையைக் கவிழ்த்தபடியே வந்த நான் முன் சீட்டைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பச்சை மப்ளர் தெரிந்தது. என் கையில் கடிதத்தைப் பார்த்து, தபால் எதற்கு, தாமே கொடுத்துவிடுவதாகக் கையை நீட்டுகிறார். எழுதி முடித்ததும் அவர் கையில்தான் கொடுக்கப் போகிறேன். மச்சான், வருகிறவரை ‘வாங்க’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று எச்சரிக்கத்தான் இதை எழுதினேன். ஆனால் கடிதத்தைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே நீங்கள் சொல்லியிருப்பீர்கள்.