ஜப்பானில் இருந்து தனபால்

“அங்க இப்பக் குளுருங்களா?” என்று போனில் மனைவி பிரபாவதி கேட்டாள்.

“நடுக்குது” என்றான் தனபால்.

அது ஒன்றுதான் பொய் இல்லை. கொல்லிமலையில், குண்டூர் நாடு என்கிற பகுதியில், ஒரு பாறை உச்சியில் கார்த்திகை மாத ஈரக்காற்றில் தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு அவன் நின்றிருந்தான். அந்தப் பாறையை விட்டு இறங்கினால் போனில் சிக்னல் ஒரு கோடுகூட வராது.

“ராதிகா கேக்கறா. எலையெல்லாம் செவந்து கெடக்குதாங்க?”

“செவப்புன்னா அப்படி ஒரு செவப்பு. கண்ணு கூசுது.”

கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரவள்ளி பச்சைப்பசேல் என்று நின்றது.

தனபால் பேளுக்குறிச்சியில் உரக்கடை வைத்திருப்பவன். அந்த வருஷம் அதிக மூட்டை விற்ற கடைக்காரர்களைக் கம்பெனி ஜப்பானுக்கு அனுப்பியது. கியோட்டோ நகரத்தைச் சுற்றி ஆறு நாள். உதிர்வதற்கு முன் சிவக்கிற இலைகளைப் பார்க்கும் சுற்றுலா. பேளுக்குறிச்சியில் தேர்வானவர்கள் இரண்டே பேர். ஒருவன் தனபால், மற்றவன் எதிர்க்கடை சின்னராசு. யாருடைய பெயர்ப்பலகை தெருவில் அதிகம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்ற தகராறில் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று பத்து வருஷம். ஒரே விமானத்தில் உட்காரப் பிடிக்காமல், பெங்களூர் வழியாகப் போவதாகச் சொல்லிச் சின்னராசு முந்தின நாளே கிளம்பிவிட்டான்.

தனபாலை வழியனுப்பச் சந்தைத் திடலில் மேளம் வைத்தார்கள். மாமனார் சுப்பண்ணன் சால்வை போர்த்தினார். ஆறாவது படிக்கும் மகள் ராதிகா, “அஞ்சு வெரல் மாதிரி எலை இருக்குமாம்ப்பா. எனக்கு ஒண்ணு கொண்டாங்க” என்றாள்.

சென்னை விமான நிலையத்தில் கண்ணாடி வழியே விமானத்தைப் பார்க்கும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அது பாட்டுக்குச் சும்மாதான் நின்றது. இவன் கால்கள்தான் கழன்றுபோயின. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் உர மூட்டைகளின் மேல் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே போனவன், அந்தப் பெரிய வயிற்றைப் பார்த்ததும் வேர்த்து வழிந்தான். காய்ச்சல், வாந்தி என்று கம்பெனி ஆளிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து நாமக்கல் பஸ் பிடித்தான்.

மேளம் அடித்து அனுப்பிய ஊருக்குள் எந்த முகத்தோடு நுழைவது? நேரே மலை ஏறினான். மிளகு போட்டிருக்கும் செங்கோடன் அவன் கடை வாடிக்கையாளர். வீட்டை ஒட்டி, சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக ஓர் அறை கட்டி வைத்திருந்தார். “மலைக்காத்து ஒடம்புக்கு ஆவும்னு டாக்டர் சொன்னாருங்க” என்று சொல்லி அதில் அடைந்துகொண்டான்.

கியோட்டோவைச் சுற்றி இலை பார்க்க எங்கெங்கே போகலாம் என்று போனில் ஓர் இணையப் பக்கம் கிடைத்தது. தினமும் பாறைமேல் ஏறி அதில் ஓர் இடத்தை மனப்பாடம் செய்வான். முதல் நாள் அரஷியாமா: ஆறு, நீண்ட பாலம், பின்னால் சிவந்த மலை. இரண்டாம் நாள் தோஃபுகுஜி: பள்ளத்தின் மேல் மரப்பாலம் போட்ட கோயில், பாலத்தில் நின்று குனிந்தால் நெருப்பு மாதிரி இலை. ஒப்பித்து முடித்ததும் தன் குரலே தனக்கு அருவருப்பாக இருக்கும். பிரபாவதியோ கேட்டதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வருவாள்.

மூன்றாம் நாளான அன்று, குளிரையும் சிவப்பையும் கேட்டு முடித்த பிறகு அவள், “ஒரு எலையாச்சும் படம் புடிச்சு அனுப்புங்க. புள்ள பள்ளிக்கூடத்துல சொல்லி வெச்சிருக்கறா” என்றாள்.

அப்போது கீழேயிருந்து செங்கோடனின் மனைவி பாவாயி, “களி ஆறுதுங்க, வாங்க” என்று குரல் கொடுத்தாள்.

“யாருங்க அது, தமிழ்ல பேசறது?”

“ஓட்டல்காரம்மா. ஜப்பான் பாஷை கேக்கறதுக்கு அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

இலைக்கு எங்கே போவது? ஐந்து விரல் என்றால் மரவள்ளிதான். பழுத்து மஞ்சளான ஓர் இலையைத் தேடிப் பறித்து, உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினான். பிரபாவதி விவசாயி வீட்டுப் பெண்; உடனே அழைத்தாள்.

“இது மரவள்ளி எலையாட்டம் இருக்குதுங்களே?”

“அது வேற சாதி.”

“அப்பாகிட்டக் காட்டினேன். மாவுப்பூச்சி வுழுந்த மரவள்ளிங்கறாரு. உரக்கடைக்காரர் நீங்க போயும் அவங்களுக்கு ஒரு மருந்து சொல்லலையான்னு கேக்கறாரு.”

தனபால் அவசரமாகச் சின்னராசுவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் திறந்தான். எதிரிதான், ஆனாலும் போய்ச் சேர்ந்தவன் இல்லையா? ஓடைத் தண்ணீரில் ரத்தச் சிவப்பாக இலைகள் மிதக்கும் படம் ஒன்று இருந்தது. கீழே ‘கியோட்டோ’ என்று எழுதியிருந்தான். தான் ஓடிவந்த இடத்தில் அவன் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான் என்று நினைக்கவே தனபாலுக்குக் கூசியது. கூசிக்கொண்டே அந்தப் படத்தைத் திருடி வீட்டுக்கு அனுப்பினான்.

மறுநாள் பிரபாவதியே அழைத்தாள். “ஏனுங்க, இதே படத்தைத்தான சின்னராசு அண்ணனும் போட்டிருக்கறாரு?”

“ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சுத்தறோம். என் போன்ல இருந்துதான் அவரு எடுத்துக்கிட்டாரு.”

மறுமுனையில் அவள் அழ ஆரம்பித்தாள். “பேசிக்கிட்டீங்களா? பத்து வருசமாச்சுங்களே. நான் கும்புடாத சாமி இல்லீங்க.”

அன்று சாயங்காலத்துக்குள் செய்தி பேளுக்குறிச்சி முழுக்கப் பரவியது. பிரபாவதி சந்தோஷம் தாங்காமல் சின்னராசுவின் மனைவி தேன்மொழியிடம் சொல்ல, அவள் தன் புருஷனைக் கேட்டுவிட்டாள். அதைப் போனில் கேட்டதும், இனி எல்லாம் முடிந்தது என்று தனபால் பாறையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ஐந்தாம் நாள் காலையில் பிரபாவதி சொன்னாள்: “சின்னராசு அண்ணன் வாய் நெறையா உங்களப் பத்திச் சொன்னாராம். ஒரே ரூம்லதான் தங்கியிருக்கறோம், தனபால் என்னையத் தம்பியாட்டம் பாத்துக்கறாருன்னாராம். நீங்க திரும்பி வாரப்ப ரெண்டு பேருக்கும் ஒரே மேடையில பாராட்டு விழாங்க.”

தனபாலுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது முகம் சுண்டிப்போயிற்று. தான் ஜப்பானுக்கு வரவில்லை என்பது சின்னராசுவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தனபாலின் மானம் சந்தையில் கிழிந்திருக்கும். பத்து வருஷத்துப் பகையாளி அதைச் சொல்லவில்லை. எதிரியைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருக்கிறான். தானோ அந்த மனிதனின் படத்தைத் திருடியவன். அவன் பெயர்ப்பலகையில் இருட்டோடு இருட்டாகத் தார் பூசியதும் ஞாபகத்துக்கு வந்தது.

“பிரபா” என்றான். “நான் ஜப்பானுக்குப் போகல.”

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. கால் கழன்றது, பஸ் பிடித்தது, மரவள்ளி, திருட்டுப் படம், தார் வரை எல்லாவற்றையும் கொட்டினான். குரல் உடைந்து மலையில் எதிரொலித்தது.

பிரபாவதி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“பயமா இருந்துச்சுன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே” என்றாள் மெல்ல. பிறகு, “ராதிகாகிட்ட நீங்களே சொல்லிக்குங்க. அந்த அண்ணன் மனசு யாருக்குங்க வரும்? வந்ததும் மொத வேலையா அவரு கால்ல வுழுங்க” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

விழுவதென்றே தனபால் முடிவு செய்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு பாறையிலிருந்து இறங்கினான். அடியில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த பாவாயி அத்தனையையும் கேட்டிருந்தாள். அவனுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு அவளைக் கடந்து நாலு எட்டு வைத்தான்.

“ஏனுங்க” என்று அவள் கூப்பிட்டாள். “பேளுக்குறிச்சியில இருந்து ஜப்பானுக்குப் போறவங்க எல்லாரும் எங்கூர்லதான் தங்குவீங்களா? ஓடைக்கு அந்தாண்ட, எங்க கொழுந்தனூட்டுல, உங்களாட்டமே ஒரு உரக்கடைக்காரரு ஆறு நாளா செவந்த எலையாத் தேடித் தேடிப் படம் புடிச்சுக்கிட்டு இருக்கறாருங்க.”