பாலத்தடியில் குடித்த ஆராய்ச்சி

என் முதுநிலைப் பட்டத்துக்கான ஆராய்ச்சியை ஒருநாள் நான் குடித்துவிட்டேன். ஒரே மிடறு. லேசாக உப்புக் கரித்தது. (கதையைக் கேட்கிறவர்கள் முதலில் ருசியைத்தான் விசாரிக்கிறார்கள், இரக்கமில்லாத சனம்!)

அது யுத்தக் காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். நமது உயிரணு ஒரு புரதத்தைச் செய்ததும் அதில் ஒரு சீனிச் சங்கிலியைக் கொழுவிவிடும். பிறகு சில நொதியங்கள் வந்து, சலூனில் முடிவெட்டுகிற மாதிரி, அந்தச் சங்கிலியின் நுனியைக் கத்தரிக்கும். கத்தரிக்காவிட்டால் பல புரதங்கள் ஒழுங்காக மடியாது. வைரசின் மேலுறைப் புரதத்துக்கும் அதே சலூன்தான். வெட்டுகிறவனின் கையைப் பிடித்து நிறுத்துகிற இரசாயனம் ஒன்று இருந்தது. வெளிநாட்டு ஆய்வுகூடமொன்று எங்கள் பேராசிரியருக்கு அதில் ஒரு சிட்டிகை தானமாக அனுப்பியிருந்தது. அதை வைத்து வைரசை முடக்க முடியுமா என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி; அது இல்லாவிட்டால் எனக்குப் பட்டம் இல்லை.

பொடியைத் தண்ணீரில் கரைத்து, சுண்டுவிரல் உயரச் சின்னப் போத்தலில் உறையவைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து மின்வெட்டு. பாதி நாள் கரண்ட் இல்லை. கூட வேலை செய்த பஸீனாதான் வழி சொன்னாள். அலவத்துகொடையில் அவளுடைய வாப்பாவுக்குக் கோழிக்கடை. கடையில் ஜெனரேற்றர், பெரிய குளிர்ப்பெட்டி எல்லாம் உண்டு. அவள் லீவில் வீட்டில் நின்றாள். ஒரு சனிக்கிழமை காலை ஐஸ் நிரப்பிய பிளாஸ்குக்குள் போத்தலை வைத்து மடியில் ஏந்திக்கொண்டு பஸ் ஏறினேன்.

வழியில், பாலத்தடிச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். வரிசை. ஆமிக்காரன் என் அடையாள அட்டையைப் பார்த்தான். பிறந்த இடத்தைப் பார்த்தான். பிளாஸ்கைத் திறக்கச் சொன்னான். அதற்குள் உருகிவிட்டிருந்த போத்தலைத் தூக்கி வெயிலில் பிடித்து, "பெஹெத்த?" என்றான். மருந்தா என்று கேட்கிறான்.

இங்கேதான் என் மடைத்தனம். ஓம் என்று தலையாட்டியிருந்தால் கதை முடிந்தது. முன்னால் நின்ற கிழவரின் இருமல் பாணிப் போத்தல் அப்படித்தான் தப்பிப் போனது. நானோ விஞ்ஞானி! பொய் சொல்லலாமா? "இல்லை, மருந்து இல்லை" என்றேன். அதோடு விட்டேனா? என் அரைகுறைச் சிங்களத்தில், இது உடம்புக்குள் வேலை நடக்காமல் நிறுத்துவது என்று விளக்கமும் கொடுத்தேன்.

அவன் முகம் மாறியது. யாழ்ப்பாணத்துப் பெட்டை, கையில் சின்னக் குப்பி, உடம்பை நிறுத்துமாம்.

"நஞ்சா?"

"ஐயோ, நஞ்சும் இல்லை!"

"அப்ப, பீலா பென்னன்ன."

குடித்துக் காட்டு. அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். தண்ணீர்ப் போத்தலென்றால் ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டுப் போகலாம். என் போத்தல் முழுவதுமே ஒரு வாய்தானே! ஒரு சொட்டு நாக்கில் வைக்கிறேன் என்று கெஞ்சினேன். அவன் துவக்கை மற்றத் தோளுக்கு மாற்றினான். குடித்தேன். செத்து விழுகிறேனா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போ என்றான். வெறும் போத்தலை மூடியோடு மரியாதையாகத் திருப்பித் தந்தான், பாவி.

அலவத்துகொடையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஆத்திரத்தில் அழுகை வந்தது. பஸீனாவின் உம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "என்ன மகள், முகமெல்லாம் வாடிப்போய் ஈக்கி? வாங்க, தின்னுங்க." வட்டிலப்பம். கித்துள் கருப்பட்டி, தேங்காய்ப்பால், முட்டை. துக்கத்தில் மூன்று கிண்ணம் தின்றேன். மூன்றாவது முடிகிற நேரத்தில் பஸீனா குளித்துவிட்டு வந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கிண்ணத்தைப் பார்த்தாள்.

"அடியேய், அது குடலிலயும் வேலை செய்யுமே!"

செய்யும்தான். சீனியைச் செரிக்கிற நொதியத்தையும் அது நிறுத்தும், செரிக்காத சீனி பெருங்குடலுக்குப் போய்ப் புளித்துக் கலகம் செய்யும். என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் இதை நானே எழுதியிருந்தேன். (யார் வாசிக்கிறார்கள் என்று நினைத்து எழுதியது. நானே வாசிக்கவில்லை.)

இரண்டு மணித்தியாலத்தில் வயிறு மத்தளமானது. பிறகு நடந்ததைப் பெண்பிள்ளை எழுதக் கூடாது. அந்த வீட்டில் ஒரே ஒரு கழிப்பறை. வாப்பாவும் கடைக்காரர்கள் இரண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து முற்றத்தில் வரிசையில் நின்றார்கள். காலையில் நான் வரிசையில் நின்றேன், இப்போது எனக்காக ஒரு வரிசை. உம்மா கதவுக்கு வெளியே நின்று, "வட்டிலப்பம் பழுதாப் போய்ட்டா மகள்?" என்று கலங்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தியமாக உம்மா, உங்கள் வட்டிலப்பத்தில் ஒரு பிழையும் இல்லை.

திங்கட்கிழமை பேராசிரியரிடம் சொன்னேன். கண்டிச் சிங்களவர், தங்கமான மனுசன். ஏசவில்லை. வெளிநாட்டுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதி, பல மாதம் கழித்து இன்னொரு சிட்டிகை வாங்கித் தந்தார். அதற்குள் என் பரிசோதனையை வேறெங்கோ யாரோ செய்து கட்டுரையும் போட்டுவிட்டார்கள். என்னுடையது இரண்டாவது வந்தது. இரண்டாவது வந்தால் உலகம் திரும்பிப் பார்க்குமா?

அந்த இரண்டாவது போத்தலையும் கோழிக்கடைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. இந்த முறை பேராசிரியரே காரில் கொண்டுபோனார். திரும்பி வந்து மிகுந்த அக்கறையோடு எனக்குப் புத்தி சொன்னார்.

"கண்ணாடியைக்கூட இறக்கச் சொல்லவில்லை. நீ சும்மா பயந்திருக்கிறாய், பிள்ளை. ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், விட்டுவிடுவார்கள்."

நான் வீட்டுக்குப் போய்த் தலையணையைக் குத்தினேன்.

பிறகு கலியாணம் கட்டி, என் மனுசனுக்கு இந்தக் கதை கிடைத்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. விமான நிலையத்தில் என்னை மட்டும் தனியே கூப்பிட்டுப் பையைக் கிளறும்போதெல்லாம் வரிசையின் அந்தப் பக்கத்திலிருந்து மகள் சத்தம் போடுவாள்:

"அம்மா, சிரியுங்கோ!"

அப்பனும் மகளும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. சிரிக்கவும் மாட்டேன்.