மாமா கொடுத்த ஹேண்ட்பிரேக்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

நீங்கள் எங்களை ஏமாற்றிவிட்டீர்கள். மற்றபடி இங்கே அனைவரும் நலம். அத்தையும் உங்கள் மகனும் அங்கே நலமாகத்தான் இருப்பார்கள். உங்கள் ஆபீசில் எனக்கென்று சொல்லிவைத்திருந்த நாற்காலியில் இப்போது அவன்தானே உட்கார்ந்திருக்கிறான். தெருவின் மேல்கோடியில் இருப்பவன் கீழ்க்கோடியில் இருப்பவருக்குக் கடிதம் எழுதுவது கோமாளித்தனம்தான். என் போனை நீங்கள் எடுக்காமல் இருப்பது அதைவிடப் பெரிய கோமாளித்தனம் என்பதால் எழுதுகிறேன்.

வேலைக்குப் பதிலாக நீங்கள் கொடுத்தது கார் அல்ல, நான்கு சக்கரம் வைத்த பூட்டு. "ராஜா மாதிரி ஓட்டு மருமகனே" என்று சாவியைக் கையில் திணித்தீர்கள். சொந்தக் கார் வைத்திருந்தால் வேலை தருகிற கம்பெனி ஒன்றில் எழுதிப் போட்டேன். அங்கே யாரும் தொழிலாளி இல்லையாம், எல்லோரும் பங்குதாரர்களாம். பெட்ரோலும் பஞ்சரும் என் பங்கு, மற்றதெல்லாம் அவர்கள் பங்கு. நாளைக் காலை அவர்களுடைய ஆள் வந்து காரை ஓட்டிப் பார்ப்பார். சரியாக ஓடினால் எனக்கு வேலை. இல்லையென்றால் அடுத்த பங்குதாரர் தயாராக இருக்கிறார். எனக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

ஆனால் கார் நகர்ந்தால்தானே. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என்ஜின் கதறுகிறது, வண்டி ஆமையாக ஊர்கிறது. தெருமுனை வரை போய்த் திரும்புவதற்குள் பின்சக்கரங்கள் இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்கின்றன. அம்மா கருகல் வாசனை பிடித்து அடுப்பைப் பார்க்க ஓடினாள். அப்பா மட்டும் அசையவில்லை. "நிக்காத வண்டின்னா கவலைப்படலாம். நிக்கிற வண்டிக்கு ஏன்டா கவலைப்படுற?" என்றார். இந்த மாதிரி ஒருவர் நாற்பது வருடம் ஒரே முதலாளியிடம் வேலை பார்த்ததில் ஆச்சரியமே இல்லை.

மெக்கானிக்கிடம் கொண்டுபோகலாம் என்றால் அதற்கும் வண்டி ஓட வேண்டும். ஆகவே நானே இறங்கினேன். முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் தட்டித் தட்டி எடுத்து, பிரேக் ஷூவை உப்புத்தாளால் தேய்த்து, துருவெல்லாம் சுரண்டி, திரும்ப மாட்டிச் சுழற்றிப் பார்த்தால் சக்கரம் பம்பரம் மாதிரி சுற்றியது, கண்ணில் தண்ணியே வந்துடுச்சு மாமா. கை கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன், சக்கரம் அசையமாட்டேன் என்கிறது. சரி, நான்தான் ஏதோ தப்பாக மாட்டிவிட்டேன் என்று ஸ்பிரிங்கைத் தளர்த்தி, கேபிளைத் தளர்த்தி, எண்ணெய் விட்டதும் மறுபடி பம்பரம். சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுபடி பூட்டு. மாடி வீட்டு டீச்சர் துணி காயப்போட்டுக்கொண்டே, "தம்பி, வண்டிக்கு உங்களைப் பிடிக்கலைபோல" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வண்டியை நிறுத்தினால் நான் கல்தான் வைப்பேன், ஹேண்ட்பிரேக்கையும் முதலிலேயே இறக்கியாயிற்று; நோய் சக்கரத்தில் இருக்கும்போது சீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

கடைசியில் வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது கதவு திறக்கும் சத்தம் கேட்டது. உள்ளே கையை விட்டு ஹேண்ட்பிரேக்கை 'கிர்ர்ர்' என்று இழுத்துவிட்டு அப்பா போனார். கொஞ்ச நேரத்தில் அம்மா வந்து இன்னொரு 'கிர்'. அப்புறம் வேலைக்குக் கிளம்பிய அக்கா, போகிற போக்கில், ஹீல்ஸ் போட்ட காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு ஒரு இழு. வெளியே உருண்டு வந்து கத்தினேன். அப்பா சாந்தமாகச் சொன்னார்:

"மாமாதான்டா சொன்னாரு."

ஆமாம், நீங்கள்தான் சொன்னீர்கள். கார் கொடுத்த அன்று எங்களை வரிசையாக நிற்கவைத்து, "சரிவான தெரு. யாரு இந்தப் பக்கம் போனாலும் ஒரு இழு இழுத்துட்டுப் போங்க" என்று பாடம் எடுத்தீர்களே. மருமகன்மேல் என்ன அக்கறை என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சரிவின் அடியில் இருப்பது உங்கள் வீட்டுப் புதுக் கேட் என்பது அன்றைக்கு எங்களுக்கு உறைக்கவில்லை. அன்றிலிருந்து இங்கே வாசலைத் தாண்டுகிறவர்கள் எல்லோரும் உங்கள் கேட்டுக்காக இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். பழகிய கை கேட்கவில்லை.

ஆகவே கேபிளையே கழற்றிவிட்டேன். லீவர் மட்டும் இருக்கிறது. அவர்கள் இழுக்கிறார்கள், 'கிர்' என்கிறது, நிம்மதியாகப் போகிறார்கள். சக்கரம் சுதந்திரமாகச் சுற்றுகிறது. கம்பெனிகளில் குறைகேட்புப் பெட்டி வைப்பதன் ரகசியம் எனக்கு இப்போதுதான் புரிந்தது.

இனி உங்கள் தயவு எனக்குத் தேவையில்லை. உங்கள் வீட்டுப் பக்கம் நாங்கள் யாரும் தலைவைத்துப் படுக்கமாட்டோம். அத்தைக்கு என் வணக்கம். உங்கள் மகனுக்கு அந்த நாற்காலி உறுதியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நீங்கள் வேலை வாங்கித் தராத
மருமகன்

பின்குறிப்பு: மேலே எழுதிய எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். காலையில் வண்டியைத் துடைத்து, ஓட்டிப் பார்க்கத் தயாராகச் சக்கரத்துக் கல்லை எடுத்து வைத்தேன். கம்பெனி ஆள் வருவதைப் பார்த்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று அப்பா உள்ளே ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். அவர் ஏறிய அசைவிலேயே வண்டி சரிவில் உருள ஆரம்பித்தது, அவருக்குத் தெரிந்த பிரேக் அது ஒன்றுதான். சக்கரங்கள் அவ்வளவு லேசாகச் சுற்றும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. யாருக்கும் அடியில்லை. வண்டியின் மூக்கு உங்கள் கேட் கம்பியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளேயிருந்து கேட்டைத் திறந்தால்தான் விடுபடும். அப்பா இன்னும் லீவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் சொன்னால்தான் விடுவாராம். கம்பெனி ஆள் மேலே நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார். "வண்டி நல்லாத்தான் ஓடுது, நிக்குமா?" என்று மட்டும் கேட்டார். வண்டியைத் திருப்பி ஏற்றி, கேபிளை மாட்டிக் காட்டினால் இன்னும் வாய்ப்பு இருக்கிறது. பெல் அடித்து அடித்து விரல் வலிக்கிறது, அதனால் இதைக் கேட் இடுக்கு வழியாகப் போடுகிறேன். திரைச்சீலைக்குக் கீழே உங்க கால் தெரியுது மாமா. கேட்டைத் திறங்க.