யாக்கூப்பின் அறாத கயிறு

யாக்கூப் கயிற்றின் இரு முனைகளையும் கைகளில் சுற்றிக்கொண்டு ஒரு சுண்டு சுண்டினான். பொட்டென்று அறுந்தது. இன்னொரு துண்டை எடுத்தான். அதுவும் அறுந்தது.

"ஏங்க, கோவத்துல முழு ரோலையும் அத்துப் போட்டுராதீங்க," என்று டீயை நீட்டினாள் மனைவி ஹாஜரா பீவி. "சனிக்கிழம கொண்டுபோக ஒண்ணும் மிஞ்சாது."

"இதக் கொண்டுபோயி அண்ணாச்சி மொகத்துல எப்படிப் புள்ள முழிப்பேன்?"

அண்ணாச்சி என்றால் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருக்கும் ஏசுவடியான். ஷார்ஜாவில் பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பிய யாக்கூப், பழைய மீன்வலைகளை அரைத்து உருக்கி, மூட்டை வாய் கட்டும் நைலான் கயிறு போடப்போகிறேன் என்று ஷெட் போட்டபோது சொந்தக்காரர்களே சிரித்தார்கள். சிரிக்காத ஒரே மனிதர் ஏசுவடியான்தான். போட்ட கயிறு அத்தனையையும் அவரே வாங்கிக்கொண்டார். இன்றுவரை ஒரு குறை சொன்னதில்லை. கயிற்றின் லட்சணம் யாக்கூப்புக்குத் தெரியும். பாவம், நம் பிழைப்புக்காகப் பொறுத்துக்கொள்கிறார் என்று நினைத்துக்கொள்வான். தொழுகை முடிந்து கையேந்தும்போது தன் பிள்ளைகளுக்கு அடுத்து அவருக்காகத்தான் கேட்பான்.

அந்த மனிதர்தான் போன் பண்ணியிருந்தார்.

"யாக்கூப் தம்பி, சனிக்கிழம வியாபாரிக எல்லாரும் நம்ம மண்டியில கூடுதாக. புது ரோல் ஒண்ணு கொண்டாங்க. இனி மார்க்கெட் பூராவும் ஒங்ககிட்டயே கயிறு எடுக்கணும்னு சொல்லப்போறேன்."

யாக்கூப் முதலில் அழுதான். பிறகுதான் பயந்தான். இத்தனை பேர் நடுவில் கயிறு அறுந்தால்? தன் வியாபாரம் போனால் போகட்டும். நம்பிப் பேசிய அண்ணாச்சி அல்லவா ஊர் முன்னால் தலைகுனிய வேண்டும்?

கோயம்புத்தூர் கெமிக்கல்காரருக்குப் போன் போட்டான். அவர் பொறுமையாகச் சொன்னார்.

"ஒவ்வொரு தடவை உருக்கும்போதும் நைலானுக்குள்ள அணுவணுவாக் கோத்திருக்கிற சங்கிலி துண்டு துண்டாயிடுங்க. அதை ஒட்டவைக்க ஒரு பொடி அனுப்புறேன். ரொம்பக் கொஞ்சமா போடுங்க."

நன்றிக்கடனுக்கு ஏது அளவு? யாக்கூப் கை நிறைய அள்ளிப் போட்டான். சங்கிலி ஒட்டியதோ இல்லையோ, மெஷினின் வாய் நன்றாக ஒட்டிக்கொண்டது. உள்ளே நைலான் அல்வாவாக இறுகிப்போய், புருஷனும் பெண்டாட்டியும் பொழுது சாயும்வரை சுரண்டினார்கள்.

"அவரு கொஞ்சம்னுதான சொன்னாரு? நீங்க பிரியாணிக்கு மசாலா போட்ட கணக்கா அள்ளிப் போட்டிருக்கீக!"

இறுகியதை இளக்கக் கோயம்புத்தூரிலிருந்து ஓர் எண்ணெய் வந்தது. அதைக் கலந்ததும் கயிறு பளபளவென்று பட்டு மாதிரி வந்தது. ஹாஜரா ஆசையாக ஓர் அரிசிப் பையைக் கட்டித் தூக்கினாள். முடிச்சு வழுக்கிக்கொண்டு அவிழ, ஷெட் முழுக்க அரிசி.

மறுபடியும் போன்.

"ஏங்க, காயவச்சுத்தானே உருக்குறீங்க?" என்று கேட்டார் கெமிக்கல்காரர். "நைலான் காத்துல இருக்கிற ஈரத்தையே குடிக்கும். ஈரத்தோட உருக்கினா என்ன போட்டும் நிக்காதுங்க."

குற்றாலத்தில் அப்போது சீசன் உச்சத்தில் இருந்தது. துவைத்த சட்டையே கொடியில் கிடந்து நாறும் நாட்கள். ஊர் உலகமெல்லாம் சாரலில் நனைய ஆசையாக வந்துகொண்டிருக்க, யாக்கூப் ஒருவன் மட்டும் வானத்தை அண்ணாந்து முறைத்தான்.

ஐந்தருவிக்குப் போகும் வழியில் ஹாஜராவின் தம்பி அஃப்சல் பேக்கரி வைத்திருந்தான். அரைத்த வலைத்தூளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு அங்கே போய் நின்றான் யாக்கூப்.

"மச்சான், இது பன்னு போடுத அடுப்பு. வல காயப்போடுத எடமா?"

"அடுப்பு ஆறுத நேரத்துல வச்சு எடுத்துக்கிடுதேன். அண்ணாச்சிக்காக மாப்ள."

தூள் மொறுமொறுவென்று காய்ந்தது. மறுநாள் காலையில் அஃப்சலின் போன் வந்தது.

"அருவிக்கு வந்தவனெல்லாம் பன்னத் தின்னுட்டு, இது மீன் பன்னானு கேக்கான்! கடையில இருக்க விடுதியளா மச்சான்?" என்று திட்டித் தீர்த்தவன், கடைசியில் குரலைத் தாழ்த்தினான். "நல்லாக் காஞ்சுதா? இல்லன்னா இன்னைக்கும் கொண்டாங்க. பன்னு எப்படியும் வெலபோகாது."

எப்பேர்ப்பட்ட மனிதர்களுக்கு நடுவில் அல்லாஹ் தன்னை வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டான் யாக்கூப்.

காய்ந்த தூளில் பொடியை அளவோடு கலந்து உருக்கினான். கயிறு வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே நின்று இழுத்துப் பார்த்தார்கள். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம், கயிறு அசையவில்லை. ஹாஜரா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

சனிக்கிழமை மண்டி நிறைய வியாபாரிகள். கத்தரிக்காய் மூட்டை ஒன்றைப் புதுக் கயிற்றால் கட்டி நடுவில் வைத்திருந்தார்கள்.

"நான் எதுக்கு இந்தத் தம்பிகிட்ட மட்டும் கயிறு வாங்குதேன்னு கேட்டீகளே, இப்பப் பாருங்க!" என்று ஏசுவடியான் கயிற்றைப் பிடித்துச் சிரித்த முகமாக ஒரு சுண்டு சுண்டினார்.

ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை சுண்டினார். பிறகு இரண்டு கையாலும் பிடித்தார். மூட்டையின்மேல் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார். முகம் வேர்த்தது. வியாபாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

யாக்கூப்புக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "இழுங்க அண்ணாச்சி! நல்லா இழுங்க! ஒங்களுக்காகன்னே போட்ட கயிறு, எத்தன பேரு இழுத்தாலும் அறாது!"

ஏசுவடியான் கயிற்றை விட்டுவிட்டு, மூச்சு வாங்கியபடி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். வாய் திறந்தார். சொல்ல மனம் வராமல் மூடிக்கொண்டார்.

மூட்டை இறக்கும் மகாதேவன்தான் முன்னால் வந்து, முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டு, யாக்கூப்பின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"பாய், நீங்க நல்லா இருக்கணும், எங்களுக்கு ஒங்க பழைய கயிறே போதும், சுண்டுனா அறுந்துருமுன்னு காட்டத்தான் அண்ணாச்சி இத்தன பேரயும் கூட்டியாந்தாரு, ஒங்க கயிறு வாரதுக்கு முன்னால மூட்ட பூராவும் நாங்க பல்லாலதான கடிச்சுத் தொறந்தோம்!"