ஐஸ் ரூமுக்கு வந்த குவாண்டம்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு ராஜா இருந்தார் என்று தொடங்கத்தான் ஆசை. ராஜாக்களுக்கு மானியம் நின்றுபோய் வெகுகாலம் ஆகிவிட்டதால், ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு இணை இயக்குநர் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஊர் சென்னை. இணை இயக்குநரின் பெயர் சந்திரமௌலி. வீடு மயிலாப்பூர், அலுவலகம் தி.நகர். இரண்டுக்கும் நடுவே சிக்னலில் நிற்கும் நேரத்தில் நாட்டின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்படுவார்.

கவலைப்படுவதுதான் அவருடைய உத்தியோகமும். வருங்கால முன்னேற்ற இயக்ககம் என்ற அந்த அலுவலகத்தின் பணி, இனி வரப்போகிற முன்னேற்றங்களை முன்கூட்டியே கண்டுபிடித்து, அவை வருவதற்கு முன்பே அவற்றுக்கு ஒரு கூட்டம் போட்டு முடித்துவிடுவது. கூட்டம் நடந்த பிறகு முன்னேற்றம் வராவிட்டால் அது முன்னேற்றத்தின் தவறு.

அந்த அலுவலகத்துக்கு ஆவணி மாதத்தில் ஒரு குவாண்டம் கணிப்பொறி வந்து சேர்ந்தது. பக்கத்து மாநிலத்துக்கு வந்துவிட்டதாம், நமக்கும் வேண்டாமா? ஆளுயர மரப்பெட்டியில், ஆணி அடித்து, முத்திரை வைத்து வந்தது. கூடவே சாருலதா என்ற பெண்ணையும் நியமித்தார்கள். கோபாலபுரத்துப் பெண். வெளிநாட்டில் இதையே படித்துவிட்டு, இதை இங்கே ஓட்டிக் காட்ட வேண்டும் என்று உண்மையான ஆசையோடு திரும்பி வந்தவள். அலுவலகத்தில் அப்படி ஒரு ஆசையோடு வந்த முதல் ஆள் என்பதால், அவளுக்கு எங்கே நாற்காலி போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

சந்திரமௌலிக்கு அவள் பொறுமையாக விளக்கினாள். சாதாரணக் கணிப்பொறிக்குள் இருப்பது ஒன்று அல்லது பூஜ்யம். இதில் இரண்டும் கலந்த நிலையில் இருக்கும். அது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது உள்ளே நோண்டிப் பார்த்துவிட்டால் கலந்த நிலை கலைந்து, ஏதாவது ஒன்றாகிவிடும். அப்புறம், குளிர் வேண்டும். விண்வெளியைவிடக் குளிர்.

சந்திரமௌலி இரண்டு விஷயங்களை மட்டும் பிடித்துக்கொண்டார். ஒன்று குளிர்.

சென்னையில் குளிர்ந்த இடம் எது என்று ஆராய ஒரு குழு கிளம்பியது. பாண்டி பஜார் துணிக்கடைகளில் நல்ல குளிர். ஆனால் தனியாருக்குச் சொந்தம். சினிமா தியேட்டர்களில் குளிர்; ஆனால் படம் சரியில்லை. அரசாங்கத்துக்குச் சொந்தமான இடங்களில், ஆவணி வெயிலில் உள்ளே போன அதிகாரிக்குத் தும்மல் வந்த ஒரே கட்டடம், அடையாறு கடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள குப்பத்தில் மீன் அங்காடியை ஒட்டி நின்ற ஐஸ் ரூம்தான். தும்மலே ஆதாரம் என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது.

சாருலதா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சார், இதுக்கு வேண்டிய குளிரோட ஒப்பிட்டா, ஐஸ் ரூம் ஒரு அடுப்பு சார்."

"அடுப்புன்னெல்லாம் எழுதிடாதேம்மா. ஆரம்பக்கட்டக் குளிர்னு எழுது. மீதிக் குளிர் படிப்படியா வந்துடும்."

இப்படியாக ஐஸ் ரூம் குவாண்டம் மையமாக உயர்த்தப்பட்டது. உள்ளே இருந்த மீன்கூடைகள் ஒரே காலையில் வெளியே வந்தன. அவற்றில் பாதி குப்பம்மாவுடையவை.

குப்பம்மா அந்த அங்காடியில் மீன் விற்பவள். அவளுக்கு அந்த ஐஸ் ரூம்தான் ராத்திரி. அதாவது, இன்றைக்கு விற்காத வஞ்சிரம் அதற்குள் தூங்கி எழுந்து நாளைக்கு விற்கும். ஐஸ் ரூம் போனதும் சாயங்காலம் ஆனால் வஞ்சிரத்தை நெத்திலி விலைக்குத் தள்ள வேண்டியதாயிற்று. விலை பேசத் தெரியாத பெண்பிள்ளைகள்கூட அவளிடம் பேரம் பேசி ஜெயித்துவிட்டுப் போனார்கள். அதை அவளால் தாங்க முடியவில்லை. கூடையோடு பஸ் ஏறி தி.நகர் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"சார், எங்க ஐஸ் ரூம்ப எப்ப சார் வுடுவீங்க?"

"முன்னேற்றம் முடிஞ்சதும் கொடுத்துடுவோம்."

"அது எப்ப முடியும்?"

"முன்னேற்றம்னா முடியவே கூடாதும்மா," என்றார் சந்திரமௌலி, கருணையோடு.

குப்பம்மா கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "அப்ப எம் மீனு முடிஞ்சி பூடும் சார்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மின்தூக்கியில் அன்று முழுக்க யாரும் ஏறவில்லை.

திறப்பு விழா வந்தது. பெட்டிக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். நான்கு மூலைக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். இங்கேதான் சந்திரமௌலி தாம் பிடித்துக்கொண்ட இரண்டாவது விஷயத்தை எடுத்தார். பார்க்கக் கூடாது. நம் முன்னோர் வாசலில் பூசணிக்காய் கட்டியது எதற்கு? கண் படக் கூடாது என்றுதானே? அதுவே குவாண்டம் என்று அவர் மேடையில் சொன்னதும் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பெரியவர் ஒருவர் திரையை விலக்கினார். உள்ளே இன்னொரு திரை இருந்தது. எல்லோரும் அதைப் படம் எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். கதவைப் பூட்டி, 'உள்ளே முன்னேற்றம் நடைபெறுகிறது, பார்க்காதீர்' என்று பலகை மாட்டினார்கள்.

"சார், இன்னும் பெட்டியே பிரிக்கலையே," என்றாள் சாருலதா. "நான் உள்ள போய் அதைப் பொருத்தி..."

"நீ போனா பார்த்துடுவியே."

அவளுக்கு அலுவலகத்திலேயே வேலை கொடுத்தார்கள். மாதா மாதம் முன்னேற்றப் படம் ஒன்று வரைய வேண்டும். அதில் அம்பு மேல்நோக்கிப் போக வேண்டும். முதல் மாதம் அவள் அம்பைப் படுக்கையாகப் போட்டாள். அம்புக்கு உடம்பு சரியில்லையா என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள். அதன்பிறகு அவள் அதை நிமிர்த்திவிட்டாள்.

பார்க்கக் கூடாது என்ற தத்துவம் ஊரில் பரவ ஆரம்பித்தது. ஒரு தெருவில் மழைநீர்க் கால்வாய் முடிந்துவிட்டதா என்று கேட்டவர்களுக்கு, பார்க்காத வரை முடிந்தும் இருக்கிறது, முடியாமலும் இருக்கிறது என்று பதில் வந்தது. ஒரு துணிக்கடையில் குவாண்டம் பட்டு விற்றார்கள். வீட்டுக்குப் போய்ப் பிரிக்கும்போதுதான் என்ன நிறம் என்று நிச்சயமாகும், பிரித்ததை மாற்றித் தர மாட்டார்கள். வரிசையில் நின்று வாங்கினார்கள். மயிலாப்பூரில் ஒருவர் குவாண்டம் ஜாதகம் எழுதினார். பையனுக்கு வேலை கிடைத்தும் இருக்கிறது என்று அதில் இருந்ததால் பெற்றோர் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

சந்திரமௌலி வாரம் தவறாமல் மையத்துக்குப் போனார். கதவுக்கு வெளியே நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஆய்வு செய்வார். முதலில் எதுவும் தெரியவில்லை. ஐப்பசியில் ஒரு நாள் கதவிடுக்கிலிருந்து ஒரு வாசனை வந்தது. அடுத்த வாரம் அது கூடியிருந்தது. கார்த்திகையில் மூக்கைத் துளைத்தது. பரம்பரையாகச் சைவம் சாப்பிடும் குடும்பத்தில் பிறந்த மூக்கு அது; கத்தரிக்காய்க்கும் வாழைக்காய்க்கும் பழகியதே தவிர, இந்த வாசனையோடு அதற்கு நெருங்கிய அறிமுகம் இல்லை. உள்ளே ஏதோ நடக்கிறது என்று மட்டும் அதற்குத் தெரிந்தது.

வீட்டில் அவர் சட்டையை வாங்கிய மனைவி கோமளம் வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னன்னா இது, ஆத்துக்குள்ள இந்த நாத்தத்தைக் கொண்டுண்டு வரேள்?"

"நாத்தம்னு சொல்லாதே. எதிர்காலம் இப்படித்தான் வாசனை அடிக்குமாம்."

மேலிடத்துக்கும் அப்படியே எழுதினார். 'நுகரத்தக்க முன்னேற்றம் ஏற்பட்டுள்ளது' என்ற அந்த வரி மிகவும் பாராட்டப்பட்டது. பாராட்டியதோடு விட்டிருந்தால் தேவலை. மதிப்பீட்டு அதிகாரி ஒருவரையும் அனுப்பிவைத்தார்கள்.

அவர் பெயர் லாரன்ஸ். தை மாதத்தில் ஒரு காலை வந்து இறங்கினார். நேராகக் கதவுக்குப் போய், திறக்கச் சொன்னார்.

குப்பம்மா வெட்டிக்கொண்டிருந்த சங்கரா மீனை அப்படியே விட்டுவிட்டு, கத்தியோடு எழுந்து நின்றாள்.

சந்திரமௌலி பணிவாக ஒன்றைத் தெரிவித்தார். "தாராளமா திறக்கலாம் சார். இப்போ உள்ள முன்னேற்றம் இருக்கு, இல்லை, ரெண்டும். நீங்க பார்த்து, இல்லைன்னு ஆயிடுத்துன்னா, அது உங்க பார்வையாலே இல்லைன்னு ஆனதாயிடும். உங்க பேரைத்தான் எழுத வேண்டியிருக்கும்."

லாரன்ஸ் கையை இழுத்துக்கொண்டார். அப்போதுதான் அந்த வாசனை அவருடைய மூக்குக்கும் எட்டியது. அவர் கடற்கரையோரம் பிறந்து வளர்ந்தவர். மெல்ல ஒருமுறை முகர்ந்தார். இன்னொரு முறை ஆழமாக முகர்ந்தார். எச்சில் விழுங்கினார். உட்கார இடம் தேடிக் கட்டடத்தின் பின்பக்கம் போனார்.

அங்கே தார்ப்பாய் போர்த்திய ஒரு பெரிய மேடை இருந்தது. அதன் ஒரு பாதியில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. மறுபாதியில் லாரன்ஸ் தாவி உட்கார்ந்தார். எல்லோருக்கும் டீ வந்தது. டம்ளர்களை அந்த மேடையிலேயே வைத்துக்கொண்டு பேசினார்கள். நாடு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்று லாரன்ஸ் சொன்னார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. 'நம்பிக்கையளிக்கும் நிலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்ட கை பட்டு டீ கொட்டியது.

சாருலதாதான் துடைத்தாள். அம்பு வரைந்து வரைந்து அலுத்துப்போய், அன்றைக்கு அவர்களோடு வந்திருந்தாள். தார்ப்பாயை ஒதுக்கித் துடைத்தபோது கீழே மரம் தெரிந்தது. மரத்தில் ஒரு முத்திரை. முத்திரைக்கு மேல் அவளுடைய கையெழுத்து. பெட்டி வந்து இறங்கிய அன்று அவளே போட்டது.

அவள் சத்தம் போடவில்லை. "சார்," என்றாள் லாரன்ஸிடம், "நீங்க உக்காந்திருக்கறது கணிப்பொறி மேல சார்."

லாரன்ஸ் மெதுவாக இறங்கினார். கீழே குனியவே இல்லை. கடலைப் பார்த்தபடி, "நான் எதையும் பார்க்கவில்லை," என்று தெளிவாகச் சொல்லிவிட்டு நடந்தார். நடக்கிற வழியில் குப்பம்மா நீட்டிய வாழையிலைப் பொட்டலத்தை மட்டும் கை பார்த்துக்கொண்டது. கார் போய்விட்டது.

சந்திரமௌலி அதற்கு முன்பே கண்ணை இறுக மூடியிருந்தார். "வெளியில இருக்குன்னு நான் பார்த்தா வெளியில இருக்குன்னு ஆயிடும். உள்ள இருக்கட்டும்மா அது," என்றார் கெஞ்சலாக. கண்ணைத் திறக்காமலே டிரைவரைக் கூப்பிட்டார். டிரைவர் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். வழியில் மீன்வலை தடுக்கியது. அப்போதும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

சாருலதாவும் குப்பம்மாவும் மிஞ்சினார்கள்.

"எப்பக்கா இதை வெளிய எடுத்தீங்க?"

"ஐப்பசிலயே எத்துட்டோம் கண்ணு. எங்க சாவி ஒண்ணு எங்ககிட்டதான கீது, யாரும் கேக்கவே இல்ல. மீன உள்ள வைக்கப் போனா இந்தப் பொட்டி எடத்த அடைச்சிக்கினு நிக்குது. இன்னா பண்றது? நாலு பேரு சேந்து தூக்கியாந்து இங்க படுக்க வச்சோம். ஆனா நாங்க பாக்கலம்மா. போர்டு போட்டிருந்தீங்கல்ல, கண்ண மூடிக்கினுதான் தூக்கினோம்." குப்பம்மா கத்தியை முந்தானையில் துடைத்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "முன்ன தெனம் கரண்டு பூடும். இது வந்ததுலேந்து ஒரு நாளு போவல. நீ சொல்லிட்டீனா மறுபடி எல்லாத்தையும் வெளிய எறிஞ்சிருவாங்க. சொல்லிருவியா?"

சாருலதா பெட்டியின் மேல் கையை வைத்தாள். வெயிலில் சுட்டது. விண்வெளியைவிடக் குளிர்ந்திருக்க வேண்டிய பொருள்.

"எனக்கு இதை ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும்க்கா. அதுக்குத்தான் வந்தேன்."

குப்பம்மா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், நியாயமான வியாபாரி. "தடக்காலத்துல வா. பெரிய போட்டுங்கோ கடலுக்குப் போவாது, ரூம்பு பாதி காலியாத்தான் கெடக்கும். அப்ப உள்ள வச்சி ஓட்டிக்கோ. போட்டு எறங்குற அன்னிக்கு வெளிய எத்துருவோம். சரியா?"

சாருலதாவின் மனசுக்குள் விண்வெளிக் குளிர், ஐஸ் ரூம், உப்புக்காற்றில் ஊறிய பெட்டி எல்லாம் ஒரு சுற்று வந்தன. எவ்வளவு கூட்டிக் கழித்துப் பார்த்தாலும், இதுவரை அவளுக்கு யாரும் ஒரு காலம் குறித்துக் கொடுத்ததில்லை.

"சரிக்கா," என்றாள்.

அடுத்த மாதப் படத்தில் அம்பு இன்னும் நிமிர்ந்திருந்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் மாபெரும் பாய்ச்சல் எதிர்பார்க்கப்படுகிறது என்று அவள் எழுதியதைப் பார்த்துவிட்டு, கடலோர மாநிலங்கள் எல்லாம் தங்கள் முன்னேற்றத்தைத் தடைக்காலத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டன. கடல் இல்லாத மாநிலங்கள் ஒரு தடைக்காலம் கேட்டு மனுப் போட்டன. அடையாற்றுப் பக்கத்து வீடுகளில் குவாண்டம் வஞ்சிரம் என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். விலை இரட்டிப்பு, பொட்டலத்தை வீட்டுக்குப் போய்த்தான் பிரிக்க வேண்டும் என்று குப்பம்மா சொல்ல, இப்போது யாரும் அவளிடம் பேரம் பேசுவதில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்குச் சாருலதா ஒரு பொட்டலத்தோடு பஸ் பிடிக்கப் போனாள். அவள் தெருமுனை தாண்டியதும் குப்பம்மா தார்ப்பாயை இழுத்து முத்திரையை மூடினாள். நெத்திலியை மறுபாதிக்கும் பரப்பினாள். கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, போர்டில் சொல்லியிருந்தபடியே, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.