காதுவலிக்குச் சப்பாத்தி

இடது காது வலி. திண்டிவனத்துல எங்க தெரு முனையில இருக்கிற டாக்டர்கிட்ட காட்டிட்டு வரணும். அவ்ளோதான் வேலை.

உள்ள நுழைஞ்சதும் நர்ஸ் பொண்ணு எடை மெஷினைக் காட்டுச்சு. காதுதாங்க வலின்னேன். "ஏறுங்கக்கா"ன்னுச்சு.

ஏறினேன். முள்ளு போய்க்கினே இருந்துச்சு. அந்தப் பொண்ணு ஏலம் விடுற மாதிரி நம்பரைச் சத்தமா சொல்லுச்சு. எனக்குத்தான் ஒரு காது அடைப்பு. ஹால்ல இருந்த எல்லாருக்கும் நல்லாவே கேட்டுச்சு.

பக்கத்துல இருந்த பெரியவர் பேப்பரை மடிச்சு வச்சிட்டு, கொள்ளுக் கஞ்சி குடிச்சா பாதியா ஆயிடலாம்னு வழி சொன்னாரு. அவரே இருமிக்கினு இருந்தாரு. நான் அதைப் பத்தி ஒண்ணும் கேக்கல.

டாக்டர் எடை எழுதின சீட்டைப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு. காதை மட்டும் பார்க்கல. ராத்திரி என்ன சாப்பிடுவேன்னு கேட்டாரு. சோறுன்னேன். குற்றவாளி சிக்கிட்ட மாதிரி தலையாட்டினாரு.

காதுக்குள்ள ஏதோ கரகரங்குதுன்னு மறுபடியும் சொல்லிப் பார்த்தேன்.

"மொதல்ல வெயிட்டைக் கொறைங்கம்மா. எல்லாம் தானா சரியாயிடும்."

காதும் இளைக்குமான்னு கேட்டுட்டேன். அவர் சிரிக்கல. வலி மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பிட்டாரு.

வீட்டுக்காரர் என்னாச்சுன்னு கேட்டாரு. ராத்திரிக்குச் சப்பாத்தி சாப்பிடச் சொன்னாருன்னேன்.

"காதுக்கா?"

அவர் என்னை விட ரெண்டு மடங்கு சாப்பிடுறவரு. ஆனா ஈர்க்குச்சி மாதிரி இருப்பாரு. பல்லு வலின்னு போனா அவருக்குப் பல்லைத்தான் பார்க்குறாங்க.

நானும் விடல. சப்பாத்தி தின்னேன். விடியக்காலையில வாக்கிங் போனேன். ஒவ்வொரு அடிக்கும் காதுக்குள்ள மோளம் அடிச்சுச்சு. காதைப் பொத்திக்கினு நடக்கிறவளைப் பார்த்து, பைக்ல போன ஒருத்தர் "விடாம நடங்க"ன்னு உற்சாகப்படுத்திட்டுப் போனாரு.

வலி தாங்காம அழுதப்புறம், வீட்டுக்காரர் விழுப்புரத்துல ஒரு காது டாக்டரம்மாகிட்ட கூட்டிக்கினு போனாரு.

அங்கயும் வாசல்லயே மெஷின். நானே போய் செருப்பைக் கழட்டினேன். கைப்பையைக் கீழ வச்சேன். கொஞ்சமாவது கொறையட்டுமேன்னு வளையலையும் கழட்டிட்டு ஏறி நின்னேன்.

நர்ஸம்மா பதறிட்டாங்க. "அங்க ஏன் ஏறினீங்க? காதுக்குத்தானே வந்தீங்க? இங்க வந்து உக்காருங்க."

எறங்கி வந்து உக்காந்து முந்தானையால கண்ணைத் தொடச்சேன். வலின்னு சொல்லிச் சமாளிச்சேன்.

டாக்டரம்மா லைட் அடிச்சுப் பார்த்தாங்க. அசையாம இருக்கச் சொன்னாங்க. இடுக்கியை விட்டு எதையோ இழுத்து வெள்ளைத் துணி மேல வச்சாங்க. ஒரு வண்டு. செத்துக் காய்ஞ்சு கெடந்துச்சு. உள்ள சீழ் வச்சிடுச்சு, இன்னும் விட்டிருந்தா செவிப்பறையே போயிருக்கும்னாங்க.

"இத்தனை நாளா என்ன பண்ணிக்கினு இருந்தீங்க?"

"வெயிட்டைக் கொறைச்சிக்கினு இருந்தேன் டாக்டர்."

அவங்க சீழைத் தொடச்சு எடுத்தாங்க. அப்புறம் சொட்டு மருந்து எழுதினாங்க.

இப்ப காது சுத்தமா கேக்குது. நேத்து பக்கத்து வீட்டு அக்கா பார்க்க வந்தாங்க. வண்டு கதையை முழுசா கேட்டுட்டு, "இருந்தாலும் நீ கொஞ்சம் ஒடம்பைக் கொறைச்சிருந்தா அது பூந்திருக்காது"ன்னாங்க.

அவங்ககிட்ட மட்டும் காது இன்னும் சரியாகலன்னு சொல்லி வச்சிருக்கேன்.