செருப்பை நம்பிப் போன கேரல்

கிளென் ஈடன், ஆக்லாந்து.

கர்த்தருக்குள் பிரியமான ஜோசபின் அக்காவுக்கு, தம்பி தனபாலன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் யுவனேஸ்வரியும் சுகம். ஈப்போவில் நீங்களும் அத்தானும் அத்தானின் தொந்தியும் குறைவில்லாமல் இருக்க ஜெபிக்கிறோம்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் ஒரு துக்க வீட்டில் ஆடிவிட்டேன். நன்றாகத்தான் ஆடினேன். போனில் சொன்னால் பாதியிலேயே திட்டுவீர்கள் என்றுதான் தாளில் எழுதுகிறேன். தாளைத் திட்டினால் எனக்குக் கேட்காது.

எங்கள் தமிழ்ச் சபை இளைத்துப்போனது உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேரின் பிள்ளைகள், பிரசங்கம் புரியவில்லை என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு நின்றுவிட்டார்கள். இப்போது மொத்த சபையும் ஒரே வேனில் ஏறிவிடலாம். கிறிஸ்துமஸுக்குள் ஆள் சேராவிட்டால் ஆராதனையை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு இங்கிலீஷ் சபைக்குப் போய்விடலாம் என்று போதகர் குணசீலன் அறிவித்துவிட்டார். நான் படித்த லட்சணம் உங்களுக்குத் தெரியாதா அக்கா? புக்கெகோஹி தோட்டத்தில் வெங்காயம் மூட்டை கட்டும் அளவுக்கு இங்கிலீஷ் இருக்கிறது, கர்த்தரிடம் அழும் அளவுக்கு இல்லை.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். நம் மலேசியா மாதிரி வீடு வீடாகக் கேரல் பாடிப் போய்த் தமிழர்களை ஆராதனைக்கு அழைப்பது. எது தமிழ் வீடு என்று எப்படித் தெரியும் என்று போதகர் கேட்டார். வாசலில் செருப்பு கிடந்தால் நம்மாள், வெள்ளைக்காரன் ஷூவோடு உள்ளே போய்விடுவான் என்றேன். எல்லோரும் என் மூளையை மெச்சினார்கள். யுவனேஸ்வரி மட்டும், செருப்பை நம்பியா ஊழியம் என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்தே அவளுக்கு என் மூளை மேல் பொறாமை.

சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பினோம். இங்கே டிசம்பரில் ஏழு மணிக்கும் வெயில் மண்டையைப் பிளக்கிறது. மெழுகுவர்த்தி எரிகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. பஞ்சுத் தாடி வியர்வையில் ஊறிக் கண்வரைக்கும் ஏறிவிட்டது. ஒரு வீட்டு வாசலில் செருப்பு மலை மாதிரி குவிந்து கிடந்தது. ஒரு வம்சமே உள்ளே இருக்கிறது, இந்த ஒரு வீடு போதும், சபை நிரம்பிவிடும் என்று எனக்குத் துள்ளல் தாங்கவில்லை. கதவு திறக்குமுன்னே மத்தளத்தைத் தட்டச் சொல்லி, நான் குதித்துக்கொண்டே உள்ளே போய், மிட்டாயை அள்ளி வீசி, ஒரு முழுச் சுற்று ஆடி முடித்தபோதுதான் யுவனேஸ்வரி என் முதுகில் கிள்ளினாள். தாடியை இறக்கிப் பார்த்தால் எல்லோரும் கறுப்பு உடையில். மாலை போட்ட ஒரு படம். சமோவாக்காரர்கள் அக்கா. அவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்களாம், இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

அந்த வீட்டு அம்மா பெயர் லோசா. முந்தின நாள்தான் கணவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். போதகர் கையைக் கூப்பிக்கொண்டு மன்னிப்புக் கேட்கக் கேட்க, அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக இங்கிலீஷில் சொன்னார்: "இத்தனை நாள் கழிச்சு இப்பதான் பேரப்பிள்ளைங்க சிரிக்கிறாங்க. இன்னொரு தடவை ஆடுங்க."

ஆடினேன். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. பிறகு அவர்கள் பாடினார்கள் அக்கா. ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு பக்கம் போய் ஒன்றாக வந்து சேர்ந்தது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எங்கள் ஆராதனை எங்கே, எத்தனை மணிக்கு என்றெல்லாம் விசாரித்துக்கொண்டே, சாப்பிடாமல் விடமாட்டோம் என்று உட்கார வைத்துவிட்டார்கள். வேறு ஒரு வீட்டுக்கும் போகவில்லை, ஒரு தமிழரையும் அழைக்கவில்லை.

வேனில் போதகர் குரல் இறங்கிப்போயிருந்தது. "தனா, நம்மால ஆனதைச் செஞ்சோம். இனி கர்த்தர் பாத்துக்குவார் லா. விட்டுடு." எனக்கு விட மனமில்லை. ஆனாலும் பிடித்துக்கொள்ள என்னிடம் வேறு திட்டமும் இல்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக எதையும் கேட்காமல் ஜெபம் பண்ணினேன்.

மறுநாள் மத்தியானம் மூன்று மணி ஆராதனைக்கு எங்கள் ஹாலில் நாற்காலி போதவில்லை. லோசா அம்மா குடும்பம் மொத்தமும் வெள்ளை உடுப்பில் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு வார்த்தை தமிழ் தெரியாது, ஆனால் சரியான இடத்தில் ஆமென் சொன்னார்கள். நம்மாட்கள் அந்த இடத்தில் தூங்குவார்கள். வாரா வாரம் வருவோம் என்றார்கள். போதகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தமிழ் ஆராதனை தொடரும் என்று அறிவித்துவிட்டார். நாம் தமிழனைத் தேடினால் கர்த்தர் சமோவாவை அனுப்புகிறார். அவர் கணக்கு அவருக்கு.

அத்தானுக்கு என் அன்பையும், இனிப்பைக் குறைக்கச் சொன்னதையும் சொல்லவும். கர்த்தர் உங்கள் வாசலையும் அடுப்பையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் தம்பி,
தனபாலன்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடாமல் ஒரு வாரம் பையில் வைத்திருந்துவிட்டேன். நேற்று ஞாயிறு லோசா அம்மா எங்கள் எல்லோரையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். பன்றி இறைச்சி, தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கீரை. சாப்பிட்டுவிட்டு அவர்கள் குடும்பமும் எங்கள் சபை மொத்தமும் பாயில் படுத்து, ஆராதனை நேரம் தாண்டியும் தூங்கிவிட்டோம். பிரசங்கம் தயார் செய்ய வேண்டியிருந்ததால் போதகர் மட்டும் விருந்துக்கு வரவில்லை. அவர் நேரத்துக்கு ஹாலைத் திறந்து, தனியாகப் பாடி, காலி நாற்காலிகளுக்குப் பிரசங்கம் பண்ணி, தானே இறங்கிப்போய்க் காணிக்கையும் போட்டுவிட்டு, ஆசீர்வாதம் கூறி முடித்தாராம்.